மேடத்தின் கை

அறுவை சிகிச்சைத் துறையில் முதுகலை படிக்கும் என் கணவர் அறவாழிக்குப் போன மாதம் பேராசிரியர் பூங்கோதை மேடத்தின் கையை ஏற்றினார்கள். இப்போதெல்லாம் பயிற்சி என்றால் அதுதான். பேராசிரியரின் கைப்பழக்கம் முழுவதும் ஒரே மதியத்தில் இயந்திரம் வழியே மாணவரின் கைக்கு வந்துவிடும். இவர் போடும் தையலைப் பார்த்து, மேடத்தின் கைராசி அப்படியே இருக்கிறது என்று நோயாளிகள் கும்பிடுகிறார்களாம். கும்பிடட்டும்.

ஆனால் வீட்டில் காபி கொடுக்கும்போது அந்தக் கை என் மணிக்கட்டை இரண்டு விரலால் மெல்ல வருடிவிட்டுத்தான் டம்ளரை விடுகிறது. கல்யாணமான நாளிலிருந்து டம்ளரை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போகிற மனிதர் இவர். இந்த வருடல் அவள் வீட்டுப் பழக்கம். எனக்கு வயிறு எரிந்தது.

துறையின் ஆண்டு விழாவில் மேடத்தின் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். விரல்கள் வருடின. பக்கத்தில் இருந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்லயும் இப்படித்தான் குடுப்பாராம்மா?"

"உங்க மேடத்தோட கைதானே சார்," என்றேன் வெடுக்கென்று. "உங்களுக்குத் தெரியாததா?"

அவர் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு மேசை மேலதாம்மா வைப்பா."