வாலில்லாத தேள்

கையைக் காட்டச் சொன்னார்கள்.

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கூடம் சிரித்தது. எண்பது வயதிலும் என்ன கூச்சம் பார் என்று.

கூச்சந்தான். அவர்கள் நினைத்த கூச்சம் இல்லை.

பழைய மகளிர் பத்திரிகைகளின் கண்காட்சி. கோயமுத்தூரில் அதற்கும் கூட்டம் வரும். மேடையில் அவளுக்கு ஒரு நாற்காலி, தோளில் ஒரு சால்வை. தலைக்கு மேலே அந்தத் தீபாவளி மலர் அட்டை, சுவர் உயரத்துக்கு. மில் முதலாளி வீட்டு இளம் மருமகள். நைலக்ஸ் சேலை. வலது கை இடுப்பில். முழங்கைக்குக் கீழே, பால்வெள்ளைத் தோலில், பச்சையாக ஒரு தேள்.

வாலில்லாத தேள்.

"உழைக்கிற பெண்களோட பச்சைய, அந்தக் காலத்துலயே தன் உடம்புல ஏத்துக்கிட்ட துணிச்சல்காரி" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள் கண்காட்சி நடத்தும் பெண். பெரிய படிப்பு படித்தவள்.

படத்தில் தலை அவளுடையது.

மற்றதெல்லாம் மாராத்தாளுடையது.

மருமகள் பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் எடுத்த படம். நைலக்ஸ் சேலை அவள் இடுப்பில் நிற்கமாட்டேன் என்றது. ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் போவதும், வெளியே வந்து பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். பிறகு, மூலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற வேலைக்காரப் பெண் மாராத்தாளைப் பார்த்தார்.

"வெளிச்சம் பாக்கோணும். நீ கொஞ்சம் இந்தச் சேலையச் சுத்திட்டு நில்லு."

மருமகளின் காதில் வேறு சொன்னார்.

அவள் சரியென்று தலையாட்டினாள். அவளிடம் கேட்டதும் அந்தத் தலை ஒன்றைத்தான்.

சென்னையில் பத்திரிகை ஓவியர் வெட்டி ஒட்டினார். கழுத்துக்குக் கீழே வெளுத்தார். அந்தப் பத்திரிகையில் கறுத்த பெண்ணுக்கு ஒரே இடந்தான் உண்டு: முகப்பூச்சு விளம்பரத்தில், 'பூசுவதற்கு முன்' என்று போட்ட படம்.

தேளை மட்டும் அவர் வெளுக்கவில்லை. மில் முதலாளி வீட்டுக் கையில் இருப்பது ஏதோ புதுப் பாணியாகத்தான் இருக்கும் என்று மரியாதையாக ஓரம் விட்டார். கூடக் கொஞ்சம் பச்சை தீட்டினார்.

கறுத்த கையில் அது இருந்தவரை யாரும் பார்த்ததில்லை. வெளுத்த கையில் ஊரே பார்த்தது.

அப்புறம் நடந்ததை நம்பினால் நம்புங்கள். ரேஸ்கோர்ஸ் பங்களாக்களுக்குப் பச்சை குத்துகிறவள் காரில் வந்து இறங்கினாள். வக்கீல் மனைவிக்கு ஒரு தேள். டாக்டர் மனைவிக்கு இரண்டு. வால் போடட்டுமா என்று கேட்டு வசவு வாங்கினாள். அடுத்த இதழில் பத்திரிகை விளக்கமும் எழுதியது: கொடுக்கைத் துறந்த நவீனப் பெண்ணின் சின்னம்.

கிளப்பில் எல்லோரும் அசல் தேளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவள் முழுக்கை ரவிக்கை போட்டுச் சமாளித்தாள். எத்தனை நாளைக்கு?

ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு குத்திக்கொண்டாள். அட்டையைப் பார்த்து, அப்படியே.

மாராத்தாளும் அந்த அட்டையைப் பார்த்தவள்தான். வெளுத்த கை. தன்னுடையதென்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

"காட்டுங்க பாட்டி" என்றாள் மைக்குக்காரப் பெண்.

கடைசி வரிசையில் யாரோ எழுந்தார்கள்.

மாராத்தாள். அம்மிணி படத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். யாரையும் கேட்காமல் மேடைக்கு வந்தாள். முந்தானையை விலக்கி அம்மிணியின் கையைத் தூக்கிப் பிடித்தாள். காலமெல்லாம் அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்த உரிமை.

"அம்மிணி கூச்சப்படறாங்க. நான் சொல்றனுங்க."

தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். அங்கேயும் ஒரு தேள், மங்கலாக.

"இது என்ற தேளுங்க. சின்னப்புள்ளைல வலி பொறுக்காம பாதியில எந்திரிச்சு ஓடிட்டன். அதான் வாலில்ல. அம்மிணி அதையப் பாத்து அப்படியே, வாலில்லாமயே குத்திக்கிட்டாங்க. வேலக்காரி மேல அத்தன பிரியம். யாருங்க செய்வாங்க?"

கைதட்டல்.

இத்தனை வருடமும் இவள் இப்படியா நினைத்துக்கொண்டிருந்தாள்?

மைக் அவள் வாய்க்கு எதிரே வந்து நின்றது.

விட்டுவிடலாம். பிரியம் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கு என்ன குறைந்துவிடப்போகிறது?

மாராத்தாளின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த பெருமையை அவளால் பார்க்க முடியவில்லை.

"அந்தப் படத்துல இருக்கறது என்ற கை இல்ல" என்றாள். "மாராத்தா கை. கை மட்டுமில்ல."

கூடம் எழுந்து நின்று தட்டியது. என்ன பெருந்தன்மை! முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கண்காட்சிப் பெண் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தோளுக்கு மேலாக அவள் இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மாராத்தாள் மட்டும் தட்டவில்லை.

அண்ணாந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல.

கழுத்துக்குக் கீழே.

மாராத்தாளின் வலது கை, யாரும் சொல்லாமலே, மெல்ல இடுப்புக்குப் போனது.