ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை

அவன் பேச வாயெடுத்தபோது அவள் தறியை நிறுத்தவில்லை.

அது அவனுக்கு வசதியாகப் போயிற்று. விசைத்தறி இரைச்சலில் யாரும் எதையும் உடனே சொல்லிவிட வேண்டியதில்லை.

"உக்காருங்க சார்" என்று கையால் காட்டினாள் தங்கமணி. புருஷன் செங்கோடன் செத்துப் பதினேழு நாள். காரியம் முடிந்த மறுநாளே தறி ஓடத் தொடங்கிவிட்டது.

அவன் காசநோய்ப் பிரிவின் மேற்பார்வையாளன். சட்டைப் பையில் ஒரு பரிசோதனைத் தாள் இருந்தது. அவள் மகள் தாரணியின் சளியில் எடுத்தது. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அப்பனிடமிருந்து தொற்றிய கிருமி.

காலையில் டாக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு அவனுக்குப் புரியும்படி சொன்னார்.

இந்தக் கிருமி கொழுப்பால் ஓர் உறை கட்டிக்கொண்டு உள்ளே பத்திரமாக இருக்கிறது. அந்தக் கொழுப்பை நீட்டி நீட்டித் தருவது ஒரு நொதி. ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் கூடியது. கொடுக்கிற மாத்திரைகளில் முக்கியமான ஒன்று அந்த நொதியைப் போய் இறுகப் பிடிக்கும். உறை கட்ட முடியாமல் கிருமி சாகும்.

தாரணியின் கிருமியில் ஒவ்வொரு துண்டிலும் ஓர் இடம் மாறியிருந்தது.

ஒரே ஓர் இடம்.

மாத்திரைக்குப் பிடி கிடைக்காது.

"இவ அப்பாவுக்கு இந்த டெஸ்டுக்கு அனுப்பலையா?" என்றார் டாக்டர்.

அனுப்பவில்லை.

இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தும் செங்கோடன் சளியில் கிருமி இருந்தது. அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் செங்கோடன் குடிக்கிறவன் என்று ஊரே சொன்னது. மாத்திரையை எறிகிறான் என்று முடிவுகட்டி, மேற்பார்வையாளன் செங்கோடனின் சிகிச்சை அட்டையில் ஒரு வரி எழுதினான். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

எழுதியதைத் தங்கமணிக்குப் படித்தும் காட்டினான்.

அவள் புருஷனை விளக்குமாற்றால் அடித்தாள். எங்கடா எறிஞ்ச, எங்கடா எறிஞ்ச என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். செங்கோடன் இருமிக்கொண்டே இல்லை இல்லை என்றான். மறுநாள் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் அப்பனை விட்டு வரமாட்டேன் என்று நின்றுகொண்டது.

மூன்று மாதம் கழித்து அவள் திரும்பியது பிணத்துக்கு.

தங்கமணி மோட்டாரை அணைத்தாள்.

காது அடைத்தது போல ஆயிற்று அவனுக்கு.

பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து வைத்தான். அவள் மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், இவிய அப்பனுக்குக் குடுத்தது வேறயாட்ட இருந்துச்சு?"

இப்போது சொல்லிவிடலாம். தாள் நெஞ்சில் உறுத்தியது.

"இப்பப் புதுசா வருதும்மா" என்றான்.

அவள் நம்பினாள். அவன் சொன்ன எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை.

தாரணியைக் கூப்பிட்டாள். தண்ணீர்ச் சொம்பைக் கையில் திணித்தாள்.

"முழுங்கு. சார் முன்னால முழுங்கு. உங்கொப்பனாட்ட எறிஞ்சு போட்டு ஏமாத்துன, கையை ஒடிச்சுப் போடுவேன்."

பெண் ஒவ்வொன்றாக விழுங்கினாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

"அப்பா எறியலைம்மா."

"பேசாத."

"தெனமும் எம் முன்னாலதான் முழுங்குனாரு. மூத்தரம் செவப்பாப் போகுது, ரத்தமாட்ட இருக்குதுன்னு பயந்து அழுதாரு. அப்பவும் நிறுத்தலை. நிறுத்துனா நீ திரும்ப வரவே மாட்டீன்னு சொன்னாரு."

மாத்திரை விழுங்குகிறவனுக்குச் சிறுநீர் சிவந்து போகும். பத்தொன்பது வருஷ வேலையில் அவன் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறான், சிவப்பாகப் போகிறதா என்று. செங்கோடனிடம் கேட்டதில்லை.

தங்கமணியின் கை தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டது.

"சார்" என்றாள். "நீங்கதானுங்களே அட்டையில எழுதுனீங்க. சொல்லுங்க சார். இவ பொய்தானுங்களே சொல்றா?"

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் எழுந்தான். பெண்ணின் பக்கம் குனிந்தான்.

"வாயைத் தொற பாப்பா. நாக்கைத் தூக்கு."

தாரணி வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

நாக்கடியில் ஒளித்து வைத்தது ஒன்றுமில்லை.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.