மவுஸ் பிடித்த இடம்

“பிரிண்டர்ல ஒரு குறையும் இல்லைம்மா. உட்கார அதுக்கு இடம்தான் இல்ல,” என்றார் மெக்கானிக், மேசைக்கு அடியிலிருந்து.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலாக இருபது நிமிடம். கண் டாக்டரிடம் போன மாமியார் நாலரைக்குத் திரும்பிவிடுவார். அதற்குள் ‘வேலையில் சேரச் சம்மதம்’ என்ற கடிதம் அச்சாகி, கையெழுத்தாகி, கூரியரில் போயிருக்க வேண்டும். இன்றுதான் கடைசி நாள். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரம்மா தினமும் மாமியாரோடு வாக்கிங் போகிறவர். அங்கே பிரிண்ட் எடுப்பதும் மாமியார் காதில் போய்ச் சொல்வதும் ஒன்றுதான்.

கணவன் இருக்கும் ஊரில், இரண்டு வருடம் தேடிக் கிடைத்த வேலை. மாமியாரை எப்படித் தனியே விடுவது என்றுதான் இத்தனை நாள் அவள் இங்கேயே இருந்தாள். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மெக்கானிக்குக்கு அவசரமே இல்லை. டார்ச் அடித்துக் காட்டினார். மாமியார் சீட்டு விளையாடும் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் முதுகில் யுஎஸ்பி ஓட்டைகள் இரண்டே இரண்டு. ஒன்று இடி விழுந்த அன்று கருகிவிட்டது. மற்றதில் இருந்த பிரிண்டர் வயரை, மூன்று மாதம் முன்பு வந்த கணவன் பிடுங்கிவிட்டுப் புது மவுஸைச் செருகியிருக்கிறான்.

பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு வட்ட ஓட்டை சும்மா கிடந்தது. பழைய மவுஸ் இருந்த இடம். அவர் பையிலிருந்து விரல்நுனி அளவில் ஒரு அடாப்டரை எடுத்தார். புது மவுஸின் தட்டை முனையை அதில் செருகினால் வட்ட முனையாகிவிடும்.

“ஆனா ஆஃப் பண்ணித்தான் மாட்டணும். இந்த வட்டத்துக்கு ஒரு குணம். கம்ப்யூட்டர் கண் முழிக்கிறப்ப யார் யார் இருக்காங்கன்னு ஒரே தடவைதான் பார்க்கும். பாதியில வந்தவங்கள மதிக்காது.”

“அப்படிப்பட்ட சொந்தக்காரங்க எங்களுக்கும் உண்டு. மாட்டுங்கண்ணே, சீக்கிரம்.”

கம்ப்யூட்டர் அணைந்து எழ ஏழு நிமிடம் ஆனது. அவள் மூன்று முறை ஜன்னலுக்குப் போனாள். வாசலில் வந்து நின்ற கார் எதிர்வீட்டுக்கு வந்ததாக இருந்தது.

திரையில் அம்பு அசைந்தது. மெக்கானிக் பிரிண்டர் வயரை அதன் பழைய ஓட்டையில் செருகினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதற்குள் பிரிண்டர் உறுமிக்கொண்டு தாளை உள்ளே இழுத்தது.

“நான் இன்னும் எதையும் அமுக்கவே இல்லையே?”

அவர் முகம் மலர்ந்தது. பிரிண்டர் இல்லாத நேரத்தில் யார் அச்சடிக்கச் சொன்னாலும் கம்ப்யூட்டர் மறக்காமல் வரிசையில் வைத்திருக்குமாம். பிரிண்டர் கிடைத்ததும் ஒவ்வொன்றாகக் கொடுக்குமாம். வரவில்லையே என்று எத்தனை தடவை அமுக்கினார்களோ, அத்தனையும் வருமாம்.

ஒரே கடிதம் ஏழு தடவை வந்து விழுந்தது. அவள் ஒன்றை எடுத்தாள். வெளியூர் பெண்கள் விடுதி ஒன்றில், தங்கும் அறையோடு காப்பாளர் வேலை கேட்டு ஒரு விண்ணப்பம். கீழே மாமியாரின் பெயர். அதற்கும் கீழே ஒரு குறிப்பு:

“பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். என்னைப் பிரிய மனமில்லாமல் என் மருமகள் தன் கணவனிடம்கூடப் போகாமல் இருக்கிறாள். இது தெரிந்தால் தாங்கமாட்டாள்.”