பச்சைச் சாக்கு

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் ஈரத் தரையில் காலை வெயில் படர்கிறது. ஆராய்ச்சி மாணவி சபிஹா, முத்துப்பாண்டி கடையின் பச்சைச் சாக்கில் குவிந்திருக்கும் மல்லிகைக்கு நேராகச் செல்போனைப் பிடிக்கிறாள். ஒரு படத்தைக் காட்டினால் அதைப் போன்ற படங்களைத் தேடித் தரும் மென்பொருள் அவளுடையது. வெள்ளை எடுப்பாகத் தெரியும் என்று, அதற்குக் கற்றுக்கொடுத்த மல்லிகைப் படம் ஆயிரத்தையும் இந்தச் சாக்கின் மேல்தான் எடுத்தாள். மற்ற பூக்களை வேறு கடைகளில் எடுத்தாள். திரையில் பன்னிரண்டு மல்லிகைகள் வருகின்றன, ஒன்றுகூடத் தப்பில்லை. அதற்குள் ஒருவர் வந்து மொத்தப் பூவையும் வாங்கிப் போகிறார். கைதவறி அவள் விரல் கேமராப் பொத்தானில் மறுபடி பட, வெறும் சாக்கு படமாகிறது. திரையில் திரும்பவும் பன்னிரண்டு மல்லிகைகள்.

முத்துப்பாண்டி எட்டிப் பார்க்கிறார். “என்ன தங்கச்சி, பூவே இல்லாம பூவக் காட்டுது?”

சபிஹா வெறும் சாக்கையே பார்க்கிறாள். வியாழக்கிழமை கல்லூரியில் இதை இயக்கிக் காட்ட வேண்டும்.

“இம்புட்டு நாளும் இது பூவப் பாக்கலண்ணே. ஒங்க சாக்கத்தான் பாத்திருக்கு.”

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்கிறாள்.

“அடுத்த கூடையப் பிரிங்கண்ணே. தராசுல, தரையில, ஒங்க கையில, எல்லாத்துலயும் வச்சு எடுக்கணும்.”

“ஆயிரத்தையுமா?”

அவர் நீட்டிய உள்ளங்கையில் ஈர மொட்டுகள் மினுங்குகின்றன. அதற்கு நேராகச் செல்போனைத் தாழ்த்திப் படமெடுக்கிறாள்.

“இது ஒண்ணு.”