பொதுமக்களில் ஒருவர்

இந்த முறை அவர் பார்த்த சுறா, ஆயிரம் மீட்டர் ஆழத்தில், வெளிச்சமே எட்டாத இடத்தில் வாழ்வது.

காலையில் நடக்கப் போனபோது பார்த்தாராம். படகுத்துறை ஓரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்ததாம்.

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு படிவத்தை எடுத்தேன். எதிர் மேசையிலிருந்து டாக்டரம்மா முறைத்தார்.

சுறாக்களைக் காப்பாற்றும் எங்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. சங்கம் என்றால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, மொத்தம் மூன்று பேர். மூன்றாமவர் முக்குளிப்பவர், பெரும்பாலும் தண்ணீருக்குள்தான் இருப்பார்.

கடலில் சுறாவைப் பார்த்தவர்கள் கூப்பிட்டுச் சொல்வதற்கென்று ஓர் எண் வைத்திருக்கிறோம். அதை எடுப்பது என் வேலை. இந்த வருடம் வந்த அழைப்புகள் அறுபத்தொன்பது. அதில் அறுபத்திரண்டு இந்த ஒரே ஆளிடமிருந்து.

முதல் நாள் பெயர் கேட்டேன். பொதுமக்களில் ஒருவர் என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்படியே போட்டேன். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் அவர் பெயர் பொதுமக்கள்.

பொதுமக்களுக்குக் கண்பார்வை அபாரம். வாரம் ஒரு சுறா தப்பாது, சில வாரம் இரண்டு. ஒருமுறை பார்த்ததை மறுமுறை பார்க்க மாட்டார்.

மூன்றாவது வாரமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எங்கள் சங்கம் வெளியிட்ட சுறாப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு சுறா. மனிதர் அதே வரிசையில் பார்த்துக்கொண்டு வந்தார்.

புத்தகத்தில் படங்களும் விவரங்களும் என் கைவேலை. பதினேழாம் பக்கத்தில் மூன்று மீட்டர் என்பதற்கு முப்பது மீட்டர் என்று போட்டுத் தொலைத்திருக்கிறேன். பதினேழாவது அழைப்பில் அவர் முப்பது மீட்டர் சுறாவைப் பார்த்தார். கொஞ்சம் இளைத்திருந்தது என்று வேறு சொன்னார்.

இன்னொரு நாள் அவர் பேசும்போது பின்னால் அலைச் சத்தம் கேட்டது. உற்றுக் கேட்டால், வாளியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். ஒரு பெண் குரல் வந்து, தொட்டி காலியாவது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று ஒரு பிடி பிடித்தது. கடல் டக்கென்று நின்றது.

'உடன் இன்னொரு பார்வையாளர்' என்று படிவத்தில் எழுதிக்கொண்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கொஞ்சம் அழுதேன். டாக்டரம்மா என்னவென்று கேட்டதற்கு டயர் வாடை என்றேன்.

அவருடைய சுறா எதையும் நான் பட்டியலில் சேர்த்ததில்லை. தனிக் கோப்பு போட்டு வைத்திருக்கிறேன். ஆனாலும் டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. உண்மையாகவே சுறாவைப் பார்த்த யாராவது கூப்பிடும்போது இந்த ஆள் பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆவது என்றார். அதுவும் நியாயம்தான். இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று அடுத்த அழைப்பில் நீயே சொல்லிவிடு என்று காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார்.

சொல்லவே தேவைப்படாது என்பது எனக்கு மட்டும் தெரியும். புத்தகத்தில் மொத்தம் அறுபத்திரண்டு பக்கம். இன்று பார்த்தது கடைசிப் பக்கத்துச் சுறா.

அதனால் இன்று கேள்விகளை மெதுவாகக் கேட்டேன். என்ன நிறம்? மூக்கு எப்படி? செவுள் பிளவு எத்தனை? ஐந்து என்றார், தாள் புரளும் சத்தத்துக்குப் பிறகு.

எவ்வளவு இழுத்தும் படிவத்தின் கடைசிக் கேள்வி வந்துவிட்டது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? எப்போதும் ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவார். இன்று வைக்கவில்லை.

"அவ்வளவுதான் மேடம். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு."

டாக்டரம்மா பேனாவால் மேசையைத் தட்டினார். சொல், சொல் என்று சைகை காட்டினார். இந்தத் தொலைபேசியை வைத்துவிட்டால் இந்தக் குரல் மறுபடி எப்போது கேட்குமோ, தெரியாது.

"திருக்கையும் பதிவு பண்றோம் சார். புத்தகம் இன்னும் முடியல, வரைஞ்ச பக்கத்தை மட்டும் அனுப்பட்டுமா?"

டாக்டரம்மாவின் பேனா நின்றது. நமக்கும் திருக்கைக்கும் என்ன என்று உதட்டை அசைத்துக் கேட்டார். சுறாவுக்குத் திருக்கை பங்காளிதானே என்று நானும் உதட்டை அசைத்தேன்.

மறுமுனையில் யோசனை ஓடியது. எத்தனை வகை என்று விசாரித்தார். தொண்ணூறுக்குக் குறையாது என்றேன். வயதான காலத்தில் நிறைய நடக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார். குரலில் அலுப்பே இல்லை. அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது, எந்த முகவரிக்கு அனுப்பப் போகிறாய் என்று டாக்டரம்மா கேட்டார்.

அதற்குள் நான் உறையில் பாதி எழுதிவிட்டிருந்தேன். கதவு எண், தெரு, கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர். எழுதும்போது யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது நான் பிறந்து வளர்ந்த வீடு.

வங்கி வேலையை விட்டுவிட்டு மீனுக்கு ஊழியம் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, இனி உன்னோடு எனக்குப் பேச்சில்லை என்றார் அப்பா. இன்றுவரை சொன்ன சொல் தவறவில்லை.