நாய் இல்லாத வீட்டில் உண்ணி

"உங்க வீட்டுல நாய் வளக்கீங்களா?"

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் சாஜிதா கேட்டதும் யோகலட்சுமி திருதிருவென்று விழித்தாள். கணவர் சிவசைலம் காய்ச்சலில் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறார். இந்த டாக்டரம்மா என்னடாவென்றால் நாயை விசாரிக்கிறார்!

"நாயா? எங்க வீட்டுலயா? இவுக நாயைக் கண்டா அந்தத் தெருப்பக்கமே போமாட்டாக டாக்டரம்மா."

"ஆடு, மாடு?"

"ஒரு கோழி கூடக் கெடையாது."

சாஜிதா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து நீட்டினார். உள்ளே மிளகு அளவில் ஏதோ ஒன்று காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இது அண்ணாச்சி காதுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நாய் உண்ணி. உள்ளங்கையில செவப்புப் புள்ளி வந்திருக்கு பாருங்க. இது டைபாய்டும் இல்ல, டெங்குவும் இல்ல. உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல். மருந்து ஆரம்பிச்சாச்சு, சரியாயிரும். ஆனா இது எங்கருந்து ஒட்டிச்சுன்னு எனக்குத் தெரியணும்."

யோகலட்சுமி குப்பியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"தெனமும் காலைல ஐந்தருவிக்குக் குளிக்கப் போறாக. அங்கன பூரா கொரங்குதான். அதுலருந்து ஒட்டியிருக்குமோ?" என்றாள்.

"கொரங்கு உண்ணி வேற ஜாதிம்மா. நாய் படுத்துக் கெடக்கிற எடத்துல உக்காந்து எந்திரிச்சாத்தான் இது ஒட்டும். இடுப்புல பழைய கடி ஒண்ணு கருத்துப் போயிருக்கு. ஒரு தடவை போன எடம் மாதிரித் தெரியல. அடிக்கடி போற எடம்."

அடிக்கடி என்ற சொல் யோகலட்சுமியைப் பிடித்துக்கொண்டது. சர்க்கரை, மூட்டுவலி, பாதித் தலை வழுக்கை. இந்த மனுஷரைச் சந்தேகப்பட அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாக்கு நிற்கவில்லை.

"அருவிக்குப் போன மனுசனோட துண்டு எப்படிக் காஞ்சே வருதுன்னு நானும் யோசிச்சேன். யாரு வீடு? சொல்லுங்க!"

சிவசைலம் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

"சண்டைய வீட்டுல போய் வச்சுக்கோங்க" என்றார் சாஜிதா. "அண்ணாச்சி, அந்த எடத்துல கொழந்தைங்க இருந்தா அதுகளையும் இதே உண்ணி கடிக்கும். சின்னப் புள்ளைக்கு வந்து, கவனிக்காம விட்டா, உயிருக்கே ஆபத்து. அதுக்குத்தான் கேக்கேன்."

சிவசைலம் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். டிரிப்ஸ் குழாய் ஆடியது.

"கொழந்தைக்கா? ஐயோ, எம்பேத்தி இப்பத்தான் தவழுதா டாக்டரம்மா! எந்நேரமும் அந்த நாய்கிட்டதான் போய் விழுதா!"

"எந்தப் பேத்தி? நமக்கு ஏது பேத்தி?" என்றாள் யோகலட்சுமி.

"நிவேதா மக. குத்துக்கல்வலசையில இருக்காக."



நிவேதா அவர்களுடைய ஒரே மகள். தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். மற்ற ஊர்க்காரர்கள் என்றால் வீட்டுக் குழாயடியில் தலை முழுகி உறவை முடித்துக்கொள்வார்கள். குற்றாலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழாயடி எதற்கு? புருஷனும் பெண்டாட்டியுமாக மெயின் அருவிக்கே போய் மகளைத் தலை முழுகிவிட்டு வந்தார்கள். 'அவ வாசல மிதிச்சவுக என் வாசல மிதிக்கக் கூடாது' என்று யோகலட்சுமி ஈரத் தலையோடு சொன்னதற்குச் சொந்தபந்தம் எல்லாம் சாட்சி.

"அருவிக்குன்னு சொல்லிட்டு அங்கதான் போறேன்" என்றார் சிவசைலம். "நாய்ன்னா பயந்தான். பயந்தா பேத்தியத் தூக்க முடியுமா? அவ கன்னத்தத் தொட்டுட்டா நாயாவது ஒண்ணாவது! என்னையும் வேணும்னா தலை முழுகிருட்டி. மொதல்ல அந்தப் புள்ளைய யாராச்சும் போய்ப் பாருங்க." கண்ணில் நீர் முட்டியது.

"அவங்க நம்பர் சொல்லுங்க அண்ணாச்சி. ஒடனே பேசணும். நாயை மாட்டாஸ்பத்திரியில காட்டணும். உண்ணியக் கையால நசுக்கக் கூடாது."

"நம்பர் என் போன்ல இல்ல. இவ பாத்துருவான்னு ஏத்தல."

யோகலட்சுமி கைப்பையைத் திறந்தாள். போனை எடுத்து மளமளவென்று அழுத்தினாள். அவள் முகம் சிவந்திருந்தது. அண்ணன் தம்பிகளைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கப்போகிறாள் என்று சிவசைலம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஏட்டி நிவேதா, பாப்பாவுக்கு மேலு சுடுதா பாரு. சுட்டாலும் சுடாட்டாலும் ஒடனே தூக்கிட்டு தென்காசிக்கு வா. பிரௌனியத் தூரமாக் கட்டிப் போடு. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தப்ப, நான் அம்புட்டு நேரம் உக்காந்து அதுக்கு உண்ணி பொறுக்குனது பத்தல போலருக்கு!"