மாறுகண் பாவியின் பாட்டு

"இந்தக் காலத்து ஆளுகளுக்கு ஆண்டவரைப் பாடக்கூட அச்சடிச்ச புஸ்தகம் வேணும்!" என்று முனகிக்கொண்டே, ராஜபாளையத்திலிருந்து வேகாத வெயிலில் நடந்து வந்த மாசிலாமணி, திருவில்லிபுத்தூர் ஜெபவீட்டுக்குள் நுழைந்தார். சபைக்கான புதிய பாட்டுப் புத்தகத்தை உபதேசியார் அங்கேதான் தொகுத்துக்கொண்டிருந்தார்.

"ஓய், நான் கட்டுன பாட்டு புஸ்தகத்துல வருதா, இல்லையா?"

உபதேசியார் தயங்கினார். "கோவிச்சுக்கிடாதிய பெரியவரே. மாறுகண் பாவி மனந்திரும்புற அந்தப் பாட்டக் கேட்டு உங்க ஊர்ல அழாத ஆளு கிடையாது. ஆனா மிஷன் வெள்ளைக்கார துரைமார் வேண்டாம்னுட்டாவ."

பெரியவர் தொப்பென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"துரைமார்ட்ட இன்னொரு தடவ மன்றாடிப் பாக்கட்டுமா?" என்றார் உபதேசியார்.

"கேட்டுத் தொலைச்சிராதேயும்! அந்தப் பாவிய வேதத்துல உள்ளவன்னா நெனச்சீரு? என் மாட்டக் களவாண்டு பத்திட்டுப் போன ஆத்திரத்துல, கான்சாபுரத்து மாறுகண் தேவசகாயத்த வச்சுக் கட்டுன பாட்டு அது! இப்பம் அவரு மகனுக்குத்தான் என் பேத்தியக் குடுக்கேன். பாட்டு இன்னும் அவரு காதுக்கு எட்டல. அச்சுல வந்தா, கல்யாணத்துக்கு வார சனம் அவரு மொகத்துக்கு நேரயே பாடுமே!"

உபதேசியார் சிரித்துவிட்டார். "வராது, நிம்மதியாப் போங்க."

நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்தார் பெரியவர். "நீரு இப்படித்தான் சொல்லுவீரு. பக்கம் நிரம்பலன்னா அச்சுக்காரன் எதையும் அள்ளிப் போட்டுருவான்" என்றபடியே படியிறங்கி நடந்தார்.